சம்மட்டியை வைத்துவிட்டுக் கதாயுதத்தைத் தூக்கும்போது

‘மைக்கேல் மதன காமராஜன்’ பார்த்தவர்களுக்கு பீம் பாயைத் தெரியாமல் இருக்காது. மதன் கூப்பிட்டால் வந்து நிற்பார். நின்றாலே போதும், எதிரில் இருப்பவருக்கு வேர்த்துவிடும். 1990 தீபாவளிக்கு வந்த படம் அது. 1988 முதல் 1990 வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனின் ‘மகாபாரத’த்தில் பீமனாக வந்ததும் அதே ஆள்தான்: பிரவீன் குமார் சோப்தி. 1966, 1970 இரண்டு ஆசிய விளையாட்டுகளிலும் வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர். 1966 கிங்ஸ்டன் காமன்வெல்த் போட்டியில் சம்மட்டி எறிதலில் வெள்ளி, 1974 டெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வட்டில் வெள்ளி. மெக்சிகோ, மியூனிக் என இரண்டு ஒலிம்பிக் போனவர். எல்லைப் பாதுகாப்புப் படையில் உத்தியோகம். அப்படிப்பட்ட எறிதல் வீரரைப் பார்த்து, லாக்கரில் இருக்கும் பணத்தை எடுத்து விட்டெறி என்று வசனம் எழுதினார்கள் என்றால், அந்தக் குறும்பை இன்றைக்கும் ரசிக்கலாம்.

விளையாட்டிலிருந்து நடிக்க வருகிறவர்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதுதான் தயாராக இருக்கிறதே, நடிப்பை மட்டும் கற்றுக்கொண்டால் சரி என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் முதல் பத்து நாள் படப்பிடிப்பில் காலை வாருவது பெரும்பாலும் அந்த உடம்புதான். பதினைந்து இருபது வருடம் ஒரு காரியத்தைச் செய்து பழகிய உடம்பு, அதே காரியத்தைச் செய்வதுபோல் காட்டச் சொன்னால் முரண்டு பிடிக்கும்.

கதாயுதத்தையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் எறியும் சம்மட்டி, அதாவது கம்பியின் நுனியில் கட்டிய உலோகக் குண்டு, 7.26 கிலோ எடை. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி அதை விட வேண்டும். 80 மீட்டர் எறிகிறவரின் கையை, விடும் கணத்தில், அந்தக் குண்டு முந்நூறு கிலோ கனத்தைப்போல வெளியே இழுக்கும். அதனால்தான் எறிபவர் குண்டுக்கு எதிர்ப்புறம் சாய்ந்து, இடுப்பைத் தாழ்த்தி, தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்துக்கொள்கிறார். படப்பிடிப்பில் கையில் கொடுக்கும் கதையோ உள்ளே காலியாக இருக்கும். ஃபைபரோ தெர்மாகோலோ, மேலே தங்க நிறம் அடித்திருப்பார்கள். கனமாக இருக்கவும் கூடாது. ஒரே நாளில் நூறு தடவை வீச வேண்டிய பொருள், தவறிப் பட்டாலும் எதிராளியின் மண்டை உடையக் கூடாது. சிக்கல் என்னவென்றால், பலசாலி கையில் லேசான பொருள் இன்னும் லேசாகத் தெரியும். மணிக்கட்டாலேயே சுழற்றிவிடுவார். திரையில் பார்த்தால் பலூன் விளையாட்டு.

கனத்தைக் காட்ட வேண்டியது கிளம்பும்போதும் திசை மாறும்போதும் நிறுத்தும்போதும்தான். நடுவில் வீசுகிற வேகத்தை யாரும் எடை போடுவதில்லை. தூக்குவதற்கு முன் பாதம் ஊன்ற வேண்டும். இடுப்பு முதலில் நகர வேண்டும், பிறகு தோள், அப்புறம் கை, கதையின் தலைப்பகுதி கடைசியாகத் தரையை விட்டு எழ வேண்டும். திசை மாறும்போது உடம்பு திரும்பிய பிறகும் ஆயுதம் ஒரு கணம் பின்தங்க வேண்டும். நிறுத்தும்போது சட்டென்று நின்றால் கெட்டது. தோளை அரை அடி இழுத்துக்கொண்டு போய், காலும் ஓரடி தள்ளி வைத்தால்தான் கண் நம்பும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு தடித்த கழியின் நுனியில் ஐந்தாறு கிலோ மணல் மூட்டையை இறுக்கிக் கட்டி, காட்சியில் வரும் அதே அசைவைப் பத்து தடவை செய்து போனில் பதிவு செய்யுங்கள். பிறகு படப்பிடிப்புக்கான லேசான கதாயுதத்தை வைத்துப் பத்து தடவை. இரண்டையும் வினாடிக் கணக்கில் ஒப்பிட்டால், இரண்டாவது ஏறக்குறைய பாதி நேரத்தில் முடிந்திருக்கும். இரண்டும் ஒரே நேரம் எடுக்கும்வரை செய்ய வேண்டியதுதான். எறிதல், பளுதூக்குதல், மல்யுத்தம் ஆகியவற்றிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது: கனம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்கள் எலும்புக்குத் தெரியும். ஜிம்மில் உடம்பு ஏற்றிய மாடலுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

குத்துச்சண்டைக்காரர்களின் பாடு வேறு. ரிங்கில் நல்ல குத்து என்பது எதிராளி கண்ணுக்கே தெரியாத குத்து. ஒரு ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வினாடியில் போய்ச் சேர்ந்துவிடும். கேமரா வினாடிக்கு 24 ஃப்ரேம் எடுக்கிறது. ஆக, மொத்தக் குத்தும் இரண்டு மூன்று ஃப்ரேமுக்குள், அதுவும் கலங்கலாக முடிந்துவிடும். அதனால் ஃபைட் மாஸ்டர் கையைப் பெரிதாக எடுத்து வரச் சொல்வார். தோளுக்குப் பின்னாலிருந்து வளைந்து வர வேண்டும். இது ரிங்கில் அடி வாங்கித் தரும் குத்து, எந்தக் கோச்சும் அடித்துத் திருத்தியிருக்கும் குத்து. அதையே இங்கே மறுபடி கற்க வேண்டும். தாடையைக் கழுத்தோடு ஒட்டி வைக்கும் பழக்கமும் அப்படித்தான். மேலிருந்து வரும் லைட் கண்ணுக்குள் விழாது, க்ளோஸில் (முகத்தை நெருக்கமாக எடுக்கும் ஷாட்டில்) நெற்றி மட்டும்தான் தெரியும். தாடையை இரண்டு விரற்கடை தூக்கினால் முகம் கிடைக்கும்.

குத்தின் தூரம் இன்னொரு கணக்கு. கை எதிராளியின் முகத்துக்கு அரை அடி முதல் ஓரடி முன்னால் கடந்து போகும். கேமரா, கை, முகம் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் அந்த இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் லென்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதில் வெட்கமே கூடாது. குறி முகம் அல்ல, காதுக்கு அப்பால் ஒரு புள்ளி. அடிக்கும் முன் எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் தயாரா என்று தெரிய வேண்டும். முதல் மூன்று டேக்கில் எல்லாரும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள். எட்டாவது டேக்கில், களைப்பில், கை தன் பழைய வழிக்குப் போய்விடும். மூக்கு உடைவது அப்போதுதான். விளையாட்டு வீரர் என்றால் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் களைத்த பிறகும் குறி தவறாமல் அடிக்கத்தானே அவரைப் பழக்கியிருக்கிறார்கள்.

விழும் இடத்தை யாரும் போதுமான அளவு ஒத்திகை பார்ப்பதில்லை. 1982 ஜூலையில் ‘கூலி’ இந்திப் படத்தின் படப்பிடிப்பு, பெங்களூரு பல்கலைக்கழக வளாகம். குத்து வாங்கியதுபோல் மேசைமேல் விழ வேண்டிய காட்சியில் கணக்குப் பிசகி, மேசையின் விளிம்பு அமிதாப் பச்சனின் வயிற்றில் பட்டது. உயிருக்குப் போராடி மீண்டார். எதிரில் நடித்தவர் புனீத் இஸ்ஸார். விழுகிற நேரமும் மேசை இருந்த இடமும்தான் பொருந்தவில்லை. (அதே புனீத் இஸ்ஸார்தான் பின்னாளில் துரியோதனன், நம் பீமனோடு கதாயுதப் போர் செய்தவர்.) தரை, விளிம்பு, படி, கயிறு போகும் பாதை எல்லாவற்றையும் ஷாட்டுக்கு முன் நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள். ஜூடோ, மல்யுத்தக்காரர்களுக்கு விழத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் விழப் பழகியது மெத்தையில், சிமெண்ட் தரையில் அல்ல.

இனிக் காத்திருப்பது. போட்டிக்கு வார்ம் அப் செய்தால் அரை மணி நேரத்தில் களத்தில் இருப்பீர்கள். படப்பிடிப்பில் ஒன்பது மணிக்கு மேக்கப் போட்டு உட்கார்ந்தால், முதல் ஷாட் பதினொன்றரைக்கு இருக்கலாம், சாப்பாட்டுக்கு அப்புறமும் போகலாம். குளிர்ந்துபோன தொடைத் தசையோடு திடீரென்று ஓடச் சொன்னால் ஹாம்ஸ்ட்ரிங் பிடித்துக்கொள்ளும். லைட்டிங் நடக்கும்போதே அசிஸ்டெண்ட் டைரக்டரிடம் ‘பத்து நிமிஷம் முன்னாடி சொல்லுங்க’ என்று கேட்டு வையுங்கள். அந்தப் பத்து நிமிடம் போதும், மேக்கப் கலையாமல் உடம்பைச் சூடேற்றிவிடலாம். அப்புறம், ஒரே உதையை வைடில் (தள்ளி நின்று முழு உருவத்தை எடுப்பது) நான்கு, மிட்டில் (இடுப்புக்கு மேல்) நான்கு, க்ளோஸில் ஐந்து என்று எடுப்பார்கள், எல்லாம் அதே காலால். போட்டியில் இரண்டு பக்கமும் பகிர்ந்துபோகும் சுமை இங்கே ஒரு பக்கமாகவே விழும். மறுநாள் இடுப்பு பேசும். இதைவிட மோசமான தப்பு, முதலில் எடுக்கும் வைடிலேயே முழு பலத்தையும் கொட்டிவிடுவது. முகம் தெரியும் க்ளோஸ் கடைசியில் வரும். அதற்குள் முகத்தில் உயிர் இருக்காது. வைடில் எழுபது சதவீதம் போட்டாலே தாராளம்.

டேக்குக்கு டேக் ஒரே மாதிரி செய்வது வீரர்களுக்குச் சுலபமாக வரும். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய டேப்பில் போய்ச் சரியாக நிற்பதும் வரும். சம்மட்டி வட்டத்தின் விளிம்பை மிதித்தால் ஃபவுல், டேப்பைத் தாண்டினால் ஃபோகஸ் அவுட். 85 மில்லிமீட்டர் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்திருந்தால் சில அங்குலம் தள்ளி நின்றாலே முகம் மங்கிவிடும். குத்துச்சண்டைக்காரர்கள் இங்கே மட்டும் சொதப்புவார்கள். கால் ஒரு இடத்தில் நிற்காது, வசனம் பேசும்போதுகூட மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும்.

உயரமானவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆறரை அடி ஆளும் ஐந்தரை அடி ஆளும் ஒரே ஃப்ரேமில் வந்தால் ஒருவருக்குத் தலை போகும், இல்லாவிட்டால் இன்னொருவருக்கு மேலே வானம் தெரியும். எதிராளியைக் கட்டைமேல் ஏற்றுவார்கள், அல்லது உங்களைக் காலை அகட்டி நிற்கச் சொல்வார்கள். கூச்சப்பட்டு முதுகைக் கூனாதீர்கள். உங்களைக் கூப்பிட்டதே அந்த உயரத்துக்காகத்தான்.

எல்லாவற்றிலும் கடினம் குரல். ‘மகாபாரத’ வசனங்களை எழுதியவர் ராஹி மாசூம் ரஸா. சமஸ்கிருதம் ததும்பும் இந்தி, வீட்டில் யாரும் பேசாத இந்தி. பஞ்சாபி வாடையுள்ள ஒரு எறிதல் வீரர் அதைப் பேசுவது லேசான வேலை இல்லை. குரல் விஷயத்தில் உச்சரிப்பு பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி மூச்சு. எறிபவரும் பளுதூக்குபவரும் பலம் கொடுக்கும் கணத்தில் மூச்சை அடக்கி, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்குகிறார்கள். உடம்புக்கு அது நல்ல உத்தி, வசனத்துக்கு எமன். கோபக் காட்சியில் உடம்பு இறுகியதும் தொண்டையும் அடைத்துக்கொள்ளும், குரல் நசுங்கிக் கீச்சென்று வரும். ஆறடி ஆளிடமிருந்து அந்தக் குரல் வந்தால் தியேட்டரில் சிரிப்பார்கள். ஐந்து கிலோவை இரண்டு கையிலும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டபடியே ஒரு பத்தி செய்தித்தாளைப் படிக்கப் பழக வேண்டும். தினமும் அரை மணி நேரம், ஆறு மாதம். முதல் இரண்டு வாரம் வரிக்கு நடுவில் குரல் நடுங்கும், பிறகு சரியாகும். தமிழில் நடிக்கிறவர் இதோடு ல, ள, ழ மூன்றையும் தனித்தனியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரியின் கடைசிச் சொல்லை விழுங்குவது விளையாட்டுக்காரர்களிடம் அதிகம். மைதானத்தில் முதல் சொல்லைக் கத்தினாலே வேலை நடந்துவிடுகிறது, மிச்சத்தை யார் கேட்கிறார்கள்?

டப்பிங் இருக்கிறதே என்று தேறுதல் சொல்வார்கள். கிக்பாக்ஸரான ரித்திகா சிங் ‘இறுதிச்சுற்று’ செய்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது, அவர் நடித்த வடசென்னைப் பெண் மதிக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். முதல் படத்துக்கு அது நியாயம். ஆனால் இரவல் குரலிலேயே ஓட்டினால் வேடங்களின் வீச்சு சுருங்கும். சொந்தக் குரலில் டப்பிங் பேசப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அடி வாங்கும், உதைக்கும், மூச்சிரைக்கும் சத்தங்களைக் கடைசியில் பேசுவதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே அரை மணி நேரம் கத்திவிட்டால், மதியம் உருக்கமான வசனத்துக்குத் தொண்டை இருக்காது. நிஜமாகவே களைத்த மூச்சு வேண்டுமென்றால் மைக்குக்கு முன்னால் போவதற்குமுன் இருபது தண்டால் எடுத்துவிட்டுப் போகலாம். இது நன்றாக வேலை செய்யும்.

சீரியலில் கதை வேறு. அரை மணி நேர ஸ்லாட்டுக்கு விளம்பரம் போக இருபது இருபத்திரண்டு நிமிடக் காட்சி வேண்டும், அதுவும் நாள்தோறும். மனப்பாடம் செய்ய நேரமில்லாமல் அசிஸ்டெண்ட் டைரக்டர் பக்கத்தில் நின்று ப்ராம்ப்ட் கொடுப்பார், அதாவது வசனத்தை எடுத்துக் கொடுப்பார். ஓட்டப்பந்தய ஸ்டார்ட்டிங் பிளாக்கில் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகியவர்கள் அவர் முடிப்பதற்குள் பாய்ந்துவிடுவார்கள். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் எடிட்டரால் வெட்ட முடியாது. அவர் முடித்ததும் அரை வினாடி எதிராளியைப் பார்த்துவிட்டுப் பேசினால், யோசித்துப் பேசுவதுபோலவும் இருக்கும். சீரியலில் உங்கள் உடம்புக்கு வேலை குறைவு, சோபாவும் வாசற்படியும் க்ளோஸும்தான். அதனாலேயே கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். மூன்று மாத சீரியலில் கேமரா முன் நிற்கும் நேரம், சினிமாவில் மூன்று சின்ன வேடம் செய்தாலும் கிடைக்காது. ஒப்பந்தத்தில் வேறு சேனலுக்குப் போகக் கூடாது என்ற வரி எத்தனை மாதத்துக்கு என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விளையாட்டை முழுதாக விடாமல் நடிக்க வருகிறவர்கள் காகித வேலையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ இருந்தால், சம்பளத்துக்கு நடிக்க எழுத்துபூர்வ முன் அனுமதி வாங்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து, தேதிகளோடு கொடுங்கள். போஸ்டர் வந்த பிறகு கேட்டால் விளக்கக் கடிதம்தான் வரும். அடுத்தது ஊக்கமருந்துச் சோதனை. பதிவுசெய்யப்பட்ட சோதனைப் பட்டியலில் இருப்பவர், தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் ஒரு 60 நிமிட நேரத்தையும் அப்போது இருக்கும் இடத்தையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறு சேர்ந்தால் விதிமீறல். பொள்ளாச்சி ஷெட்யூல் திடீரென்று காரைக்குடிக்கு மாறினால் யூனிட்டே வண்டி ஏறும், பதிவை மாற்றத்தான் யாருக்கும் ஞாபகம் வராது. ஓய்வு அறிவித்துவிட்டுப் பிறகு போட்டிக்குத் திரும்ப நினைத்தால், ஆறு மாதம் முன்னதாக எழுதிக் கொடுத்துச் சோதனைக்கு உட்பட வேண்டும். இதைவிட அபாயம், சட்டையைக் கழற்றும் காட்சிக்கு முன் உடம்பிலுள்ள நீரை வற்றவைக்க ‘ஒரு மாத்திரை’ என்று நீட்டப்படும் டையூரெடிக். போட்டி இல்லாத நாளிலும் அது தடைசெய்யப்பட்ட மருந்து. பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தடுமாறலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லைட்டை ஒரு பக்கமாக வைத்தாலே தசை தெரியும், கேமராமேனைக் கேட்டுப் பாருங்கள்.

எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதும் முக்கியம். சண்டை தெரியும் என்று சொல்லி ஃபைட்டராகப் போனால் ஸ்டண்ட் யூனியன் கார்டு, ஃபைட்டர் சம்பளம், ஃபைட்டர் வரிசை. மரியாதையான தொழில், ஆனால் அந்த வரிசையிலிருந்து வசனமுள்ள வேடத்துக்கு வந்தவர்கள் சிலரே. நடிகராக வேண்டும் என்றால் ஆடிஷன் வழியாகவே போங்கள். பேசிய தொகையில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், அது உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, கூடுதல் நாளுக்கு எவ்வளவு என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். பாக்கியை டப்பிங்குக்கு முன் வாங்கிவிடுவது இங்கே பழைய வழக்கம், அதில் தப்பாக நினைக்க யாரும் இல்லை.

முதல் வேடம் பெரும்பாலும் உங்கள் விளையாட்டை வைத்தே வரும். பிரவீன் குமாருக்குக் கடைசிவரை பலசாலி வேடங்கள்தான் அதிகம் வந்தன. கிக்பாக்ஸரான ரித்திகா, 63ஆவது தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்புப் பெற்றுத்தந்த ‘இறுதிச்சுற்று’ குத்துச்சண்டை வேடம் திரைக்கு வந்த அதே 2016இல், ‘ஆண்டவன் கட்டளை’யில் ஒரு செய்தியாளராக வந்தார். குத்து, உதை எதுவும் இல்லாத வேடம். நீங்களும் முதல் படம் வெளிவருவதற்குள் ஒரு புது ஆடிஷன் வீடியோ எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றரை நிமிடம், உட்கார்ந்தபடி, அம்மாவோடு போனில் பேசுவதுபோல் ஏதாவது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள்.